பட்டனை அழுத்தினால் படம் ஓடும்

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் தயாராகிறது. வீடியோத் திரைகள் வைக்கும் வேலை என்னுடையது. வருபவர்களே பட்டனை அழுத்தி வேண்டியதைப் பார்க்கலாம்.

நாள் முழுக்கத் தானாக ஓடும் படத்தில் பாதியில் வந்து நிற்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பட்டன் இருந்தால் முதலிலிருந்து ஓடும். ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு செய்யும் படத்தில், கண்ணாடி மேல் வைத்த அச்சுக்குள் வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அப்புறம் அச்சைத் தூக்குகிற அந்த நொடியை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது! ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பே அந்தக் கண்ணாடி கொடுப்பதுதான். அதே கல் பதித்த தரையில் நின்றுகொண்டு அதைப் பார்க்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் ராஸ்பெரி பை என்ற ஒரு கையளவுக் கணினி. வெளிக் கருவிகளை இணைக்க அதில் இருக்கும் ஜிபிஐஓ பின் ஒன்றுக்கும் கிரவுண்டு பின்னுக்கும் நடுவே பட்டன், அவ்வளவுதான். திடீரென்று கரண்ட் போனால் கணினியின் எஸ்டி கார்டு கெடலாம் என்பதால் அதை ரீட்-ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் முடிகிற மாதிரி, வைத்திருக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய பழைய சுவரைத் துளைக்க மனசு வரவில்லை. திரைகள் மர ஸ்டாண்டில்தான். கூடத்தில் சத்தம் எதிரொலிப்பதால் ஒலியைக் குறைத்து, கீழே எழுத்து ஓடவிட்டிருக்கிறோம். பட்டன் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும்.

அடுத்தது கண்டாங்கிச் சேலை நெசவு. காரைக்குடிப் பக்கம் தறி வைத்திருப்பவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள், வந்து படம் பிடிக்கிறோம்.