அது வேற கேஸும்மா

"முன்னாடி போன அண்ணனுக்கு எவ்வளவுங்க சார் போட்டீங்க?"

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். குரலில் சண்டை இல்லை. கடையில் ஒரே காய்க்கு இரண்டு பேரிடம் இரண்டு விலை சொன்னால் கேட்போமே, அந்த மாதிரி. டிராஃபிக் போலீஸான நான், அபராத ரசீது போடும் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் "அது வேற கேஸும்மா" என்றேன்.

வேறு கேஸ் இல்லை. அதே கேஸ்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கான அதே 196-ஆவது பிரிவு, இரண்டுமே 2018-இல் வாங்கிய வண்டி, இரண்டுக்கும் இன்சூரன்ஸ் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

2023 நவம்பரில் இந்த மாதிரி வண்டிகள் வரிசையாக மாட்டின. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அதில் வந்த உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை, அதாவது நம் வண்டி இடித்து அடிபடுகிறவருக்கு நஷ்டஈடு கொடுக்கிற இன்சூரன்ஸை, மொத்தமாகப் போட்டே ஆக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருஷம் இன்சூரன்ஸ் என்ற வார்த்தையே காதில் விழாமல் வண்டி ஓட்டியவனுக்கு, ஆறாவது வருஷம் அது எப்படி ஞாபகம் வரும்? 2023 செப்டம்பரிலிருந்து ஒவ்வொன்றாக முடியத் தொடங்கியது. நம்பரை அடித்தால் திரையில் காலாவதி என்று வரும். வண்டிக்காரர் திருதிருவென்று விழிப்பார். பாதிப் பேருக்கு நிஜமாகவே தெரியாது.

முதலில் வந்தவர் பிளம்பர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பி.வி.சி. பைப்பை வண்டியோடு நீளவாக்கில் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், லைசென்ஸ் இருந்தது. இன்சூரன்ஸ் இல்லை என்று சொன்னதும் மனிதர் வாதாடவில்லை. எவ்வளவு என்று கேட்டார். இரண்டாயிரம் என்றேன். அடுத்த தடவை பிடித்தால் நாலாயிரம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பைப்பைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்: "ரெண்டாயிரத்தை கவர்மெண்டுக்குக் கட்டிட்டா, அப்புறம் இன்சூரன்ஸுக்கு எங்கீங்க போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. கணக்கு அவர் பக்கம் இருந்தது. அந்த வண்டிக்கு அப்போது தேர்ட் பார்ட்டி மட்டும் ஒரு வருஷத்துக்கு 714 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 842 சொச்சம். அபராதக் காசில் இரண்டு வருஷத்துக்கு மேல் இன்சூரன்ஸ் போடலாம். நான் சீட்டு கிழித்தாலும் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல்தான் அங்கிருந்து கிளம்பும். இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. அடுத்த சிக்னலில் யார் மீதாவது மோதினால், என் ரசீது அடிபட்டவருக்கு ஒரு உபயோகமும் ஆகாது.

"மத்தியானத்துக்குள்ள பையனை விட்டு போன்லயே போட்டுர்றேனுங்க சார்" என்றார். நான் மெஷினில் பின்னால் போகும் பட்டனை அழுத்திவிட்டு, கையை ஆட்டினேன். அவர் போய்விட்டார். நம்பர் எங்கும் பதிவாகவில்லை.

அந்த நிமிடம் மனசுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் நோக்கத்தைப் புரிந்துகொண்ட அதிகாரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்தது அந்த அம்மாவின் ஸ்கூட்டர். முன்னால் டிபன் கூடை, கைப்பிடியில் மழைக்கோட்டு. கையைக் காட்டியதும் ஓரம்கட்டி, என்னோடு பேசிக்கொண்டிருந்த பிளம்பர் போகட்டும் என்று காத்திருந்தார். பிளம்பர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பார். அவருக்கு 2,000 போட்டேன்.

ஏன்? வயர்லெஸ் மைக்கில் அப்போதுதான் காலைக் கேஸ் கணக்கு கேட்டார்கள். என் கணக்கு குறைவு. அதற்காகத்தான் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். கணக்கு கேட்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேனா என்று கேட்டால், அதையும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரை அடுத்தடுத்து விட்டால் பின்னால் நிற்கிற ஏட்டு என்ன நினைப்பார் என்றும் ஓடியது. அந்த அம்மா ஒன்றும் கெஞ்சவில்லை என்பதும் ஒரு காரணமோ என்னவோ. பிளம்பர் பேசினார், நான் விட்டேன். இவர் பேசவில்லை. பேசியபோது கேள்வியாகத்தான் கேட்டார்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் இளகினவன் இல்லை என்பதால்தான் இது இன்னும் உறுத்துகிறது. அதற்கு முந்தின வருஷம் நான் விபத்துப் புலனாய்வில் இருந்தேன். ரோட்டோரம் பூ விற்கிற பாட்டி ஒருவரை பைக் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் ஓடிவிட்டது. வண்டியை இரண்டே நாளில் பிடித்தோம். இன்சூரன்ஸ் இல்லை. ஓனர் லோடுமேன், சொத்து என்று பார்த்தால் அந்த வண்டிதான். விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு வெளியே பாட்டியின் வக்கீல் என் தோளில் கை போட்டு, "ஏன் சார் பிடிச்சீங்க?" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். 2022 ஏப்ரல் முதல், இடித்துவிட்டு ஓடின வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், படுகாயத்துக்கு 50,000, உயிர் போனால் 2 லட்சம் என்று மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும். வண்டி தெரிந்துவிட்டால் அது கிடையாது. கோர்ட்டில் ஓனரிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பிரிவை விட்டு மாறி வரும்வரை பாட்டிக்கு ஒரு பைசா வரவில்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் பிளம்பரை விட்டேன். அவர் மத்தியானம் போட்டிருப்பார் என்று நம்பினேன். பல நாள் நம்புகிறேன், சில நாள் இல்லை. மழை நாளில் பைப் கட்டின வண்டி எவ்வளவு ஆடும் என்றும் தெரியும்.

அந்த அம்மாவின் நம்பர் மட்டும் ரசீதில் இருந்தது. பத்து நாள் கழித்து, அவசியமே இல்லாமல், அதைப் போட்டுப் பார்த்தேன். இப்படிப் பார்ப்பது சரியா என்று இன்றைக்கும் ஒரு சங்கடம். இன்சூரன்ஸ் நான் பிடித்ததற்கு மறுநாளிலிருந்து நடப்பில் இருந்தது. அபராதம் நிலுவை என்று காட்டியது. கையில் இருந்த காசை எதற்கு முதலில் போட வேண்டும் என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

என் ரசீது வேலை செய்தது என்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். ஏட்டிடம் அப்படித்தான் சொன்னேன். "ரசீது போடாம விட்டிருந்தாலும் அந்தம்மா போட்டிருக்கும் சார், அப்ப ரெண்டாயிரம் கடனாவது நிக்காது" என்றார் அவர். கொஞ்ச நேரம் அவர்மேல் கோபமாக இருந்தது.

"அவரை விட்டுட்டேம்மா, உங்களை விட முடியல" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பார்.

இப்போதும் பைப் கட்டின வண்டி வந்தால் கை தானாக நம்பரை அடிக்கப் போகிறது. அவருடையது 7-இல் முடிந்ததாக ஒரு ஞாபகம். 1 ஆகவும் இருக்கலாம்.