நாய் ஃப்ளூவைப் படம் போட்டுப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. நுண்ணுயிரியல் பாஸ், அதுவும் நல்ல மார்க். இப்போதுதான் மூச்சு வருகிறது. வைராலஜியைப் பார்த்துப் பயப்படும் ஜூனியர்களுக்காக எழுதுகிறேன்.

நாய் ஃப்ளூ வைரஸ் பெருகும் கட்டங்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். மூச்சுக்குழாயின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல் ஒன்றைப் பெரிதாக வரையுங்கள். வைரஸை அதற்குள் கூட்டிப்போய், ஒவ்வொரு இடத்திலும் நின்று ‘இது நடக்காவிட்டால்?’ என்று கேளுங்கள். என்னைக் கரையேற்றியது இது ஒன்றுதான்.

நாய் ஃப்ளூ வைரஸ் இரண்டு வகை. எச்3என்8 குதிரையிலிருந்து நாய்க்கு வந்தது. 2004இல் ஃபுளோரிடாவின் பந்தய கிரேஹவுண்டுகளில் தெரியவந்தது. எச்3என்2 பறவை வழி. இரண்டுமே செல்லின் மேற்பரப்பில் இருக்கும், ஆல்ஃபா 2,3 இணைப்புள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிப்பவை. நாயின் மூச்சுக்குழாய்ச் செல்களில் அது நிறையவே இருக்கிறது.

ஒட்டியதும் எண்டோசோம், அதாவது வைரஸைச் செல்லுக்குள் கொண்டுபோகும் சவ்வுப் பை. அங்கே அமிலத்தன்மை ஏற, வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளூட்டினின் (எச்ஏ) உருமாறி வைரஸ் சவ்வையும் எண்டோசோம் சவ்வையும் இணைக்கும். வைரஸ் சவ்வில் உள்ள எம்2 என்ற வாய்க்கால் வழியே புரோட்டான்கள் உள்ளே போய், ஆர்.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் எம்1 புரதத்தின் பிடியைத் தளர்த்தும். எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளும் உட்கருவுக்குப் போகும். ஆர்.என்.ஏ. வைரஸுக்கு உட்கருவில் என்ன வேலை? முக்கியமாக, செல்லின் எம்.ஆர்.என்.ஏ. தலையில் தொப்பி போல இருக்கும் கேப்பை வெட்டி எடுத்துத் தன் எம்.ஆர்.என்.ஏ.வுக்கு வைத்துக்கொள்ளத்தான். இதை விடாமல் எழுதுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்டது: எம்.டி.சி.கே. என்ற ஆய்வக வளர்ப்புச் செல்லில் ஃப்ளூ வைரஸ் வளர்க்கும்போது, புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் நொதியை ஏன் சேர்க்கிறோம்? 1958இல் காக்கர் ஸ்பேனியல் இன நாய் ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் அந்த எம்.டி.சி.கே. ஹீமக்ளூட்டினின் முதலில் எச்ஏ0 என்று முழுசாகவே உருவாகிறது. எச்ஏ1, எச்ஏ2 என்று வெட்டுப்பட்டால்தான் சவ்வு இணைப்பு நடக்கும். சுவாசப்பாதையில் ட்ரிப்சின் போன்ற நொதிகள் வெட்டிக் கொடுக்கின்றன. வளர்ப்புச் செல்லில் அது போதாது, அதனால் நாம் சேர்க்கிறோம். நோய் பெரும்பாலும் சுவாசப்பாதையோடு நிற்பதற்கும் இது முக்கியக் காரணம். என் படத்தில் ‘வெட்டாவிட்டால்?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அப்படியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் சில:

- வைரஸின் இன்னொரு மேற்பரப்புப் புரதமான நியூராமினிடேஸின் பெரிய வேலை புது வைரஸ்களைச் செல்லிலிருந்து விடுவிப்பது. ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து தடுப்பது அதைத்தான்.
- புது வைரஸ்கள் செல்லிலிருந்து மொட்டுப்போல் வெளியே வருவது காற்றுப்பாதைப் பக்கம். இருமலில் பரவுவதை இதோடு சேர்த்து எழுதுங்கள்.
- சிலியா (சளியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்ணிய இழைகள்) உள்ள செல்கள் அழிவதை மறக்கவே கூடாது. பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியாவுக்கு அதுதான் வழிவிடுகிறது.
- குரூப் ஸ்டடி வேண்டாம். தனியாக உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லி வரையுங்கள்.