பாட்டிக்கு இரண்டு பெயர்கள்

என் மாமியாரின் தாயார் அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால், வெளிநாட்டில் பிறந்த என் கணவரும் அந்நாட்டுக் குடியுரிமையைக் கோரலாம்; ஆனால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறினால்தான் அது கைகூடும். பாட்டியின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களில் தொடங்கி, மாமியாருடையவை, கணவருடையவை என மூன்று தலைமுறைக் காகிதங்களையும் கண்ணி விடாமல் கோத்துக் காட்ட வேண்டும்.

1922இல் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது எல்லாம் சாம்பலாயிற்று என்று பலர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். 1864 முதல் பதியப்பட்ட பிறப்புகளின் பதிவேடுகள் அங்கு இல்லாததால் தப்பிவிட்டன. பழைய பக்கங்களின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விண்ணப்பத்துக்கு மட்டும் சான்றளிக்கப்பட்ட பிரதி வேண்டும்.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் பிரிஜெட் என்றிருந்தவர் திருமணச் சான்றிதழில் டீலியா ஆகியிருந்தார்; இது அதே பெயரின் செல்ல வடிவம் என்பது தெரியாமல் வேறொரு பெண்ணைப் பல வாரங்கள் துரத்தினோம். போதாக்குறைக்கு, ஞானஸ்நானம் பிறப்புக்கு 9 நாள் முன்னதாக நடந்ததாகத் தேவாலயப் பதிவு சொன்னது. தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால், பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது அக்காலப் பெற்றோரிடம் சகஜமாம்.

குடியுரிமை பதிவான நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதால், அதற்கு முன்பே பிறந்துவிட்ட எங்கள் மகளுக்கு அது கிடைக்காது.