14 அடி படகும் 300 லிட்டர் ஃபோமும்

பிப்ரவரி 8

தளப் பலகையை இன்று முழுசாகக் கழற்றினேன். 14 அடி அலுமினியப் படகு. வாங்கிய நாளிலிருந்தே டிரெய்லரிலிருந்து இறக்க இரண்டு பேர் போதவில்லை. அலுமினியம் இப்படிக் கனக்காதே என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. காரணம் பலகைக்கு அடியில்தான் கிடந்தது. விலாச் சட்டங்களுக்கு நடுவில் பழுப்பேறிய ஃபோம் அடைத்துக் கிடக்கிறது. கையால் அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறது. படகை மிதக்க வைக்க வேண்டியது படகை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

ரம்பத்தால் ஒரு துண்டை ஒழுங்காக அறுத்தெடுத்தேன். நீளம் 30 செ.மீ., அகலம் 30, உயரம் 15, அதாவது 13.5 லிட்டர். படகுக்கு ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோம் வழக்கமாகக் கன மீட்டருக்கு 32 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் இந்தத் துண்டு அரைக் கிலோவைத் தொடக் கூடாது. தராசு 6 கிலோ 200 கிராம் காட்டியது.

பிப்ரவரி 9

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாயிற்று. எரித்துவிடலாமே என்று உதவிக்கு வந்த மாமா சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். பாலியூரித்தேன் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு கலந்திருக்கும்.

ஃபோம் ஒட்டியிருந்த இடமெல்லாம் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. துடைத்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் குழிகள். மூடிய அறைகள் கொண்ட ஃபோம் ஒரே நாளில் தண்ணீர் குடித்துவிடாது. ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்து, குலுங்கி, அறைச் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துதான் குடிக்கும். இந்தப் படகில் அதற்கு வழி செய்து கொடுத்ததே பழைய வேலைதான். நடுக்கோடு வரைக்கும் ஃபோமை ஊற்றியதில், தண்ணீர் பின்பக்க வடிகால் துளைக்கு ஓடுகிற பாதை அடைபட்டுவிட்டது. முன்பக்கம் விழுந்த மழைநீர் அங்கேயே நின்றிருக்கிறது.

பிப்ரவரி 15

ஒழுக்குச் சோதனை. படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, வெளியே படுத்துப் பார்த்தேன். சொட்டிய ரிவெட்டுகளை (தகடுகளை இணைக்கும் உலோக ஆணிகள்) சுற்றி மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டேன்: 11 வட்டங்கள். ஒருவர் உள்ளே கனத்த இரும்பை அண்டைகொடுக்க, இன்னொருவர் வெளியே சுத்தியலால் தட்டியதில் எட்டு நின்றுவிட்டன. மூன்றை மாற்ற வேண்டும். ஃபோம் போட்ட பிறகு இந்த ரிவெட்டுகளின் உள்முனை கைக்கு எட்டாது. அதனால் இந்த வேலையை முதலில் முடிப்பதுதான் சரி.

பிப்ரவரி 22

படகில் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காமலிருக்க எவ்வளவு ஃபோம் வேண்டும்? இன்று முழுக்க இந்தக் கணக்குதான்.

ஒரு லிட்டர் ஃபோம் மூழ்கினால் ஒரு லிட்டர் தண்ணீரைத் தள்ளும். தன் எடை 32 கிராம் போக 968 கிராமைத் தாங்கும். லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறில்லை. அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி. அதனால் மூழ்கிய அலுமினியத்தின் பாரம் அதன் எடையில் 63 சதவீதம்தான். என் படகின் வெற்றுக்கூடு 110 கிலோ, தண்ணீருக்குள் 69. எஞ்சின் 50, பேட்டரி 20. இவற்றுக்குத் தள்ளுபடி எதுவும் தரவில்லை. பிளைவுட் தானே மிதக்கும், பெட்ரோலும் தண்ணீரைவிட லேசு, இரண்டையும் விட்டுவிட்டேன். ஆட்கள் பாதி நீரில் இருப்பார்கள் என்று வைத்து, அவர்களுக்கு 100. மொத்தம் 239.

300 லிட்டர் போடப் போகிறேன். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கணக்கை இழுத்துப் பிடிக்க மனசு வரவில்லை.

பிப்ரவரி 23

எந்த ஃபோம்? கட்டடத்தில் இடுக்கு அடைக்கும் ஸ்ப்ரே டப்பா முதலிலேயே கழிந்தது. அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. மூடிய குழிக்குள் அடித்தால் நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். சாதாரண தெர்மாகோலும் வேண்டாம், மணிகளுக்கு இடையில் தண்ணீர் ஏறும். எக்ஸ்பிஎஸ் (இறுக்கமாக வார்த்த பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகை நல்லது, 5 செ.மீ. கனத்தில் 120க்கு 60 அளவுப் பலகை ஒன்று 36 லிட்டர். ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும்.

ஊற்றுகிற பாலியூரித்தேனைச் சோதித்துப் பார்த்தேன். முகக்கவசம், கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, திறந்த வெளியில். இரண்டு திரவமும் சம அளவு, 20 மில்லி வீதம். வேகமாகக் கலக்கிக்கொண்டே இருந்தேன். தேன் நிறம் வெளுத்துப் பால் காபி நிறமானது. அப்புறம் மெல்ல அசைந்து, பால் பொங்குவது மாதிரி எழுந்து, ஒரு லிட்டர் டப்பாவின் வாயைத் தாண்டியது. டப்பாவின் பக்கங்கள் உப்பிவிட்டன, தொட்டால் சுட்டது. இதையே மூடிய இடத்தில் மொத்தமாக ஊற்றினால் மெல்லிய தகடு பிதுங்கும், ரிவெட்டும் தெறிக்கும்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். படகுக்குள் நேரடியாக எதையும் ஊற்றப்போவதில்லை. பெட்ரோல் டேங்க் இருக்கும் பின்பெஞ்சுக்கு, பிளாஸ்டிக் தாள் விரித்த மரப்பெட்டியில் அடுக்கடுக்காக ஊற்றிக் கட்டிகளாக வார்த்து வைக்கலாம். மற்ற இடமெல்லாம் எக்ஸ்பிஎஸ்.

மார்ச் 1

தளத்துக்கு அடியில்தான் இடம் நிறைய. முழுவதையும் அங்கேயே அடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, முதலில் ஒரு தகரத் தட்டை வைத்துப் பார்த்தேன். தட்டின் அடியில் நடுவாக ஃபோம் ஒட்டி, நீர் நிரப்பித் தொட்டியில் விட்டேன். ஒரு கணம் நின்றது. அப்புறம் புரண்டு கவிழ்ந்து, ஃபோம் மேலே தெரிய மிதந்தது. அதே ஃபோமை இரண்டாக வெட்டிப் பக்கச் சுவர்களின் மேல்விளிம்பை ஒட்டி வைத்தேன். விரலால் ஒரு பக்கத்தை அமுக்கினாலும் எழும்பி நேராக நின்றது.

அளவு மாறவில்லை, இடம்தான் மாறியது. மிதப்பு கீழே இருந்து பாரம் மேலே இருந்தால் படகு தலைகீழாகத்தான் போகும். கவிழ்ந்த படகின் வழுக்கும் அடிப்பாகத்தை நீரில் கிடப்பவர் எதைப் பிடித்து ஏறுவார்?

மார்ச் 8

இரண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே 3 மீட்டர் நீளம், 40 செ.மீ. உயரம்; பக்கத்துக்கு 60 லிட்டர். நடுபெஞ்சிலும் அணியத்திலும் (படகின் முன்பக்கம்) சேர்த்து 130. அமரத்தில் (பின்பக்கம்) எஞ்சினுக்கு இருபுறமும் ஒவ்வொரு கட்டியாக 48. தளத்துக்கு அடியில் எதுவுமே இல்லை, தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும். பலகை அலுமினியத்தில் நேரடியாகப் படாதபடி இடையில் பிளாஸ்டிக் பட்டைகள் கொடுத்தேன். வெயில் பட்டால் ஃபோம் பொடியாகும் என்பதால் மேலே மெல்லிய அலுமினியத் தகடு.

தளத்துக்குப் புது பிளைவுட். தாமிரக் கரைசல் ஏற்றிய மரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. சாதாரண மரைன் பிளைவுட்டுக்கு எபாக்சி பூசினேன்.

மார்ச் 22

மிதப்புச் சோதனை. மார்பளவு நீர், நாலு பேர், எல்லோருக்கும் மிதவை அங்கி. எஞ்சினுக்குப் பதிலாகப் பின்பலகையில் 45 கிலோ இரும்பு எடைகள். வடிகால் அடைப்பானைத் திறந்துவிட்டோம். படகு நிதானமாக நிரம்பியது. பக்கவாட்டில் சாயவில்லை. ஆனால் அமரம் தாழ்ந்துகொண்டே போய், பின்விளிம்பு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. எடையெல்லாம் பின்னால் இருக்கிறது, ஃபோமை முன்னால் அதிகம் வைத்திருக்கிறேன். என் பிழை.

மார்ச் 23

அணியத்திலிருந்து ஒரு பலகையை எடுத்துவிட்டு, பின்பெஞ்சுக்கு இன்னும் இரண்டு கட்டி வார்த்தேன். அமரத்தில் இப்போது 96 லிட்டர். மொத்தம் 310.

மார்ச் 29

மறுபடியும் அதே நீர், அதே எடை. நிரம்பிய பிறகும் விளிம்பு சுற்றிலும் ஒரு சாண் மேலே நின்றது. இருவர் உள்ளே ஏறி ஒரே பக்கம் உட்கார்ந்தோம். அந்தப் பக்க விளிம்பு நீரைத் தொட்டது, கவிழவில்லை. இறங்கியதும் தானே நிமிர்ந்தது.

கரையேற்றியதும் தண்ணீர் முழுக்கப் பின்துளை வழியே வடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் தேங்கவில்லை. பின்பெஞ்சில் ஒரு கட்டியை மட்டும் கழற்றும்படி வைத்திருக்கிறேன். அதைத் துடைத்து நிறுத்தேன்: 790 கிராம், வார்த்த அன்று இருந்த அதே எடை. தேதியையும் எடையையும் மார்க்கரால் அதன் மேலேயே எழுதி, திரும்ப உள்ளே வைத்தேன்.