பூச்சி ராஜ்யமும் ஆடிட்டர் ஆபீஸும்

21 ஆகஸ்ட் 2025, வியாழன்

தேதி சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 4. இன்னும் இரண்டே வாரத்தில் சில்க்சாங் என்ற வீடியோ கேம் வருகிறது, இதை எழுதும்போதே யாராவது வேண்டுமென்று செய்த போலி வீடியோவாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் ஓடுகிறது. 2019 பிப்ரவரியில் அறிவித்த கேம் இது. அப்போது நான் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் வருமானத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். இடையில் எந்த கேம் விழா நடந்தாலும் "இந்தத் தடவை நிச்சயம்" என்று ரசிகர்கள் கோமாளி வேஷப் படத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். "இன்றைக்கும் செய்தி இல்லை" என்று சொல்வதற்காகவே நாள்தோறும் வீடியோ போட்ட ஒரு புண்ணியவான் யூடியூபில் இருக்கிறார், இனி அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

நம் நேரப்படி இரவு எட்டு மணிக்கு டிரெய்லர் வந்தது. இவர்கள் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்காரர்கள், டீம் செர்ரி என்று பெயர், ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம் ஆட்களை. 2014ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வழியாக ஊராரிடம் சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டி ஹாலோ நைட் என்ற முதல் கேமைச் செய்தார்கள். 2017ல் வந்த அது இதுவரை ஒன்றரைக் கோடி பிரதி விற்றிருக்கிறது. அன்றைக்குப் பணம் போட்டவர்களுக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொன்ன ஒரு இணைப்புதான் வளர்ந்து வளர்ந்து இப்போது சில்க்சாங் என்ற தனி கேமாக வருகிறது.

ஏன் இவ்வளவு வருஷம் என்பதற்கு ப்ளூம்பெர்க் பேட்டியில் பதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கேயும் சிக்கி நிற்கவில்லை, செய்கிற வேலை பிடித்திருந்தது, அதனால் செய்துகொண்டே இருந்தோம் என்கிறார்கள். குழுவில் ஒருவரான ஆரி கிப்ஸன் ஒரு கட்டத்தில் வரைவதையே நிறுத்த வேண்டியிருந்ததாம், வரைவதெல்லாம் கேமுக்குள் போயாக வேண்டுமே என்று. எங்கள் சாரிடம் இப்படி ஒரு பதிலைச் சொல்லிப் பார்க்க ஆசை. செப்டம்பர் 15 வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள். அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும் இது.

23 ஆகஸ்ட், சனி

காலையிலேயே பெருந்துறை மாமா போன். "ஏம்மா, கேமெல்லாம் தடை பண்ணீட்டாங்களாமா? உன்ற லேப்டாப்ப எடுத்து உள்ள வெச்சுரு" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். டிவியில் "ஆன்லைன் கேம்களுக்குத் தடை" என்று கொட்டை எழுத்தில் ஓடினால் அவர் வேறு என்ன நினைப்பார்.

புதன்கிழமை மக்களவை, வியாழக்கிழமை மாநிலங்களவை, நேற்று குடியரசுத் தலைவர் ஒப்புதல், மூன்று நாளில் சட்டமாகிவிட்டது. தடை பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு. ரம்மி, போக்கர், காசு வைத்து அணி சேர்க்கிற கிரிக்கெட் ஆப்கள். இ-ஸ்போர்ட்ஸ் எனும் கேம் போட்டிகளையும் காசு பந்தயமில்லாத கேம்களையும் ஊக்குவிப்போம் என்று அதே சட்டம் சொல்கிறது. மாமாவிடம் விளக்கினேன். "அப்ப உன்னுது என்ன வகை?" "காசு ஒரே தடவை குடுத்து வாங்கறது மாமா, அதுக்கப்புறம் உள்ள நான் செத்துட்டே இருக்கோணும்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

ரம்மியில் பணம் விட்டவர்களின் கணக்கை எங்கள் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன். சம்பளம் வந்த அன்றே ஐநூறு, ஆயிரம், ஐநூறு என்று வரிசையாக வெளியே போயிருக்கும். அதனால் இந்தச் சட்டத்தில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டையும் "கேம்" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் எரிச்சல்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை தின்றுகொண்டே செய்தி பார்த்தேன். செப்டம்பர் தொடக்கத்தில் வரவேண்டிய சின்ன கேம்கள் பல வழிவிட்டு ஓடுகின்றன, டீமன்ஸ்கூல் 3ஆம் தேதியிலிருந்து நவம்பர் 19க்குப் போய்விட்டது, பேபி ஸ்டெப்ஸ் 8லிருந்து 23க்கு. பெரிய நடிகர் படம் வருகிற வாரம் சின்னப் படங்கள் தியேட்டர் கிடைக்காமல் ஒதுங்குவது மாதிரி. இங்கே அந்தப் பெரிய நடிகரும் ஒரு சின்ன கம்பெனிக்காரர்தான் என்பதுதான் வேடிக்கை.

4 செப்டம்பர், வியாழன்

வெளியான நேரம் மாலை ஏழரை. நான் அப்போது ஒரு நூல் வியாபாரியின் பேங்க் ஸ்டேட்மென்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தம்பிதான் வாட்ஸ்அப்பில் நிமிஷத்துக்கு ஒரு செய்தி. ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் என்று உலகம் முழுக்க கேம் விற்கிற இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறுகின்றன என்று. வீடு வந்து சாப்பிட்டு உட்காரும்போது மணி பத்து, எல்லாம் சரியாகியிருந்தது, வாங்கினேன், இறக்கினேன். ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்க விலை 20 டாலர். பெரிய கம்பெனி கேம்கள் 70, 80 என்று போகிற வருஷத்தில். அதைவிட எனக்குப் பெரிய விஷயம், 8 ஜிபி இடமும் 4 ஜிபி ரேமும் இருந்தால் போதும். ஏப்ரலில் திடீரென்று ஆப்லிவியன் என்ற பழைய கேமின் மறுபதிப்பை வெளியிட்டார்களே, அது நூறு ஜிபிக்கும் மேல், என் லேப்டாப் அதன் பெயரைக் கேட்டாலே ஃபேன் போட ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் நான் பார்த்த ஃபேன்டஸி கேம்களில் பாதி, யாரோ ஆடுவதை யூடியூபில் பார்த்ததுதான். இது என் லேப்டாப்பில், என் கையால்.

7 செப்டம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை மிலாது நபிக்கு ஊரே விடுமுறை, எங்கள் ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது. ஆகவே ஆடியதெல்லாம் ராத்திரியிலும் இன்றைக்கும்தான்.

ஹார்னெட் என்ற சிலந்தி மகள். அவளைப் பிடித்துக் கூண்டில் அடைத்து ஃபார்லூம் என்ற ராஜ்யத்துக்குக் கொண்டுவருகிறார்கள், வழியில் தப்பித்து அடிவாரத்தில் விழுகிறாள், உச்சியில் ஒரு கோட்டை நகரம், அங்கே ஏறிப்போக வேண்டும். முதல் கேமில் கீழே கீழே இறங்கிக்கொண்டே இருந்தோம், இதில் ஏற்றம். வழியெல்லாம் யாத்திரை போகிற பூச்சிகள். பாதிப் பேர் பாதையிலேயே செத்துக் கிடக்கிறார்கள், மீதிப் பேர் புத்தி பேதலித்து நம்மையே அடிக்க வருகிறார்கள். ஷெர்மா என்று ஒரு குட்டி யாத்திரிகன், மூடிய கதவு முன்னால் நின்று தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறான், பாட்டுக்குக் கதவு திறக்கும் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நாம் சுற்றிப்போய்த் திறந்துவிட்டால் தன் பாட்டுக்குத்தான் திறந்தது என்று சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறான். எனக்கு இந்த கேமிலேயே பிடித்த ஆள் இப்போதைக்கு அவன்தான்.

சரி, கஷ்டம் பற்றி. ஆரம்பத்தில் நமக்கு உயிர் ஐந்து முகமூடி. பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு முகமூடியை எடுத்துவிடுகிறார்கள், அதாவது மூன்று அடி வாங்கினால் கதை முடிந்தது. பட்டுநூல் சேர்த்து ஒரு தடவை காயம் ஆற்றினால் மூன்று முகமூடி திரும்ப வருகிறது, ஆனால் அதற்கு நூல் முழுக்கத் தீர்ந்துவிடும், அதனால் எப்போது ஆற்றிக்கொள்வது என்பதே தனிக் கணக்கு. கீழ்நோக்கி அடித்தால் நேராகப் போகாமல் சாய்வாகப் பாய்கிறாள், முதல் கேமின் பழக்கம் கையில் ஊறியவர்களுக்கு இது பெரிய தொல்லை. (அடிக்கிற விதத்தை மாற்றுகிற வாண்டரர் முத்திரை என்று ஒன்று கிடைத்தால் நேராக அடிக்கலாம். அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.) ஹன்டர்ஸ் மார்ச் என்ற இடத்தில், தத்தளித்து வந்து ஒரு பெஞ்சில் உட்காரலாம் என்று போனால் அந்த பெஞ்சே பொறி. உட்கார்ந்தவுடன் அடிக்கிறது. நான் கத்திய கத்தலில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார்.

"என்ன கண்ணு, அந்தப் பூச்சி செத்துப்போச்சா?"

"ஆமாம்மா."

"காலைல இருந்து அதத்தானே சொல்ற."

சில இடங்களில் உட்கார்ந்து இளைப்பாறவே செபமாலை மணிகளைக் காசாகக் கொடுக்க வேண்டும். பக்தியின் பேரால் ஏழை யாத்திரிகர்களிடம் வழி நெடுகப் பிடுங்குகிற ராஜ்யம் இது, அதை நம்மிடமும் பிடுங்கியே காட்டுகிறார்கள். ஆனால் கையில் மணி இல்லாமல் பெஞ்ச் முன்னால் நிற்கும்போது இந்த அழகெல்லாம் மண்டையில் ஏறுவதில்லை.

10 செப்டம்பர், புதன்

கேமின் கஷ்டத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு பேட்ச், அதாவது திருத்தம், வருகிறது. ஆரம்பத்தில் வரும் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற எதிரிகள் இருவரையும் லேசாகத் தணிக்கிறார்கள், நடுப்பகுதியில் பெஞ்சுக்கும் மணிப்பாதைப் பயணத்துக்கும் கட்டணத்தைக் கொஞ்சம் இறக்குகிறார்கள். இன்னும் சில சின்ன மாற்றங்கள். அதற்கு இரண்டு பக்கமும் சண்டை. ஒரு கோஷ்டி "கலையைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறது, இன்னொரு கோஷ்டி "இது போதாது" என்கிறது.

என் கருத்து: கஷ்டம் இருக்கட்டும். சண்டையில் தோற்பது எனக்கு வலிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் எதிரி எப்போது கையை ஓங்குகிறான் என்று ஒன்று புதிதாகத் தெரிகிறது. தோற்றபிறகு கடைசி பெஞ்சிலிருந்து அந்தச் சண்டைக்குத் திரும்ப ஓடுகிற ஓட்டம்தான் வெறுப்பு. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு மணி நேரம் கிடைக்கிறவளுக்கு அதில் இருபது நிமிஷம் ஓட்டத்திலேயே போகிறது. வேலை இல்லாத வயசில் இது பெரிதாகத் தெரிந்திருக்காது.

16 செப்டம்பர், செவ்வாய்

நேற்றுதான் கடைசி நாள், ராத்திரி ஒரு நாள் நீட்டித்துவிட்டார்கள். நீட்டித்த செய்தி வரும்போது பாதிக் கணக்கை அனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். இன்றும் அதே. கேம் தொடவில்லை. தம்பி என் சேவ் ஃபைலில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான், ஆனால் வரைபடத்தில் நான் போகாத ஒரு இடம் தெரிகிறது.

30 செப்டம்பர், செவ்வாய்

நேற்று வந்த செய்தி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு வாங்குகிறார்கள். சவூதி அரசின் பிஐஎஃப் நிதி, சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், அப்புறம் டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸ். ஃபுட்பால் ரசிகர்களுக்கு இது வேறு செய்தி, எனக்கு இது டிராகன் ஏஜ் என்ற ஃபேன்டஸி கேம் வரிசை பற்றிய செய்தி. அதைச் செய்கிற பயோவேர் அவர்கள் கையில்தான் இருக்கிறது. போன அக்டோபரில் அந்த வரிசையில் வந்த வெயில்கார்டை 15 லட்சம் பேர்தான் ஆடினார்கள், எதிர்பார்த்ததில் பாதி என்று ஜனவரியில் கம்பெனியே சொன்னது. அதற்கப்புறம் அங்கே நூறு பேருக்கும் குறைவாக மிஞ்சினார்கள்.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். சாருக்கு கேம் தெரியாது, கணக்கு தெரியும். "கடன் எவ்வளவு?" என்று கேட்டார். 2,000 கோடி டாலர். "அது யார் தலைல விழும்?" இப்படி வாங்கும்போது வழக்கமாக அந்தக் கடன் வாங்கப்படுகிற கம்பெனியின் தலையில்தான் விழும். வட்டி கட்டவேண்டிய கம்பெனி முதலில் எதை வெட்டும்? வருஷா வருஷம் தவறாமல் காசு வருகிற ஃபுட்பாலை வெட்டாது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து பாதி விற்கிற டிராகன் கதையைத்தான் வெட்டும். சார் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அப்ப உன் கேம் போச்சு" என்றார். ரொம்ப ஆறுதலான மனிதர்.

இதோடு சில்க்சாங்கை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அங்கே வட்டி இல்லை, பங்குதாரர் இல்லை, ஏழு வருஷம் ஆனாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அப்படி வாய்ப்பது அபூர்வம், முதல் கேம் அப்படி விற்றிருக்காவிட்டால் அவர்களுக்கும் வாய்த்திருக்காது. ஆனாலும் இந்த வருஷம் என்னை ராத்திரி ஒரு மணி வரை உட்காரவைத்த டிராகன்கள், பேய்கள், தேவதைகள் எல்லாமே சின்ன கம்பெனிகளிலிருந்துதான் வந்தன. போன வாரம் வந்த ஹேடிஸ் 2 கேமையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை தம்பி வாங்கிவிட்டான்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. வீடு முழுக்க எண்ணெய் வாசம். இன்று கடைசியாக லாஸ்ட் ஜட்ஜை வீழ்த்தினேன், கோட்டையின் வாசலைக் காக்கிற ராட்சத மணிக்காரன். செத்து விழுந்தபிறகும் வெடிக்கிறது அது, தெரியாமல் பக்கத்தில் நின்றிருந்தால் ஜெயித்தும் சாகவேண்டியதுதான். தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான், ஓடிவிட்டேன். உள்ளே போனால் கோட்டை அவ்வளவு பெரிது. இதுவரை ஆடியது முன்னுரைதானாம்.

ஆடிட் ரிப்போர்ட்டுக்கான கெடு அக்டோபர் 31 வரை தள்ளிப்போயிருக்கிறது, ஆக தீபாவளிக்கு மறுநாளே வேலை.

12 டிசம்பர், வெள்ளி

கேம் அவார்ட்ஸ் விருது விழா நம் நேரப்படி காலை ஆறரைக்கு. ஆபீஸ் கிளம்பும் முன் முக்கால்வாசி பார்த்துவிட்டேன். எக்ஸ்பெடிஷன் 33 ஒன்பது விருதுகள், வருடத்தின் சிறந்த கேம் உட்பட. பிரான்ஸில் மான்பெலியே ஊர்க்காரர்கள் செய்தது. ஒரு ஓவியக்காரி வருஷம் ஒருமுறை ஓர் எண்ணை எழுதுகிறாள், அந்த வயதுக்காரர்கள் எல்லாம் மறைந்துபோகிறார்கள், அவளைத் தடுக்க ஒரு படை கிளம்புகிறது. கதையும் இசையும் கொடுத்துவைத்தவர்களுக்குத்தான், எனக்கு யூடியூபில் பார்த்தே தொண்டை அடைத்தது. பெரிய விருது அதற்குப் போனதில் குறையே இல்லை.

சின்னக் குழுக்களின் கேமுக்கான சிறந்த இண்டி விருதையும் அதற்கே கொடுத்ததுதான் இடிக்கிறது. முப்பது பேர் கொண்ட குழு என்கிறார்கள், ஆனால் பின்னால் ஒரு பதிப்பு நிறுவனம், கொரியாவிலிருந்து அனிமேஷன் ஆட்கள். சில்க்சாங்கையும் அதையும் ஒரே தட்டில் எப்படி எடை போடுவது? சில்க்சாங்குக்கு ஆக்‌ஷன்/அட்வெஞ்சர் பிரிவில் ஒன்று, ஹேடிஸ் 2க்கு ஆக்‌ஷனில் ஒன்று. தம்பியும் நானும் ஆளுக்கொன்று.

லாரியன் என்ற கேம் கம்பெனி ஆட்கள் அடுத்த கேமை அறிவித்தார்கள், டிவினிட்டி. மொஹாவே பாலைவனத்தில் ஒரு பயங்கரமான சிலையை நிறுத்திவைத்து இத்தனை நாள் எல்லோரையும் குழப்பியது இதற்குத்தான். டிரெய்லரில் ஊர்த் திருவிழா, ஒரு மனிதனை உயிரோடு எரிக்கிறார்கள், அப்புறம் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். காபியோடு வந்த அம்மா பாதி பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழமையும் அதுவுமா காலங்காத்தால இதென்ன கருமம்" என்று டிவியை அணைத்துவிட்டார்.

அதை ஆட இந்த லேப்டாப் நிச்சயம் உதவாது. புதிது வாங்க போனஸை எடுத்து வைத்திருந்தேன், ஆனால் ஏஐ கம்பெனிகள் மெமரியை எல்லாம் அள்ளிக்கொள்வதால் ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. மெமரி செய்கிற மைக்ரான் கம்பெனி தன் குருஷியல் ரேம் வியாபாரத்தையே மூடப்போவதாக இந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்துவிட்டது. ஆகவே வாங்குவதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, பழைய லேப்டாப் தனக்கு வந்துவிடும் என்று மேஜையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான்.