ஒரே பேட்ச், இரண்டு வழி: குரூப் 4 கணக்கை மூடுலில் பிரிப்பது எப்படி

சென்னையில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு ஆன்லைன் வகுப்பு நடத்தும் எந்த மையத்தின் பேட்ச்சை எடுத்தாலும் கலவையாகத்தான் இருக்கும். பி.இ. முடித்தவர் இருப்பார். பத்தாம் வகுப்போடு கணக்கைத் தலைமுழுகிவிட்டு, பல வருடம் கழித்து அரசு வேலைக்காகத் திரும்பி வந்தவரும் இருப்பார். தேர்வின் குறைந்தபட்சத் தகுதியே பத்தாம் வகுப்புதானே! மொத்தம் 200 கேள்விகள், அதில் கணக்கு வரும் திறனறிவுப் பகுதி 25. இந்த 25-க்காக இருவருக்கும் ஒரே வீடியோ வரிசையைக் காட்டினால் முன்னவர் சலித்துப்போய் மூடிவிடுவார், பின்னவர் பயந்துபோய் மூடிவிடுவார்.

ஆளுக்கேற்றபடி பாடத்தைப் பிரிக்க வேண்டும் என்றதும் ஏஐ வாங்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். இந்த அளவுக்கு அது தேவையில்லை. ஆன்லைன் வகுப்பு நடத்துவதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் மூடுல் (Moodle) மென்பொருளில் உள்ள வசதிகளே போதும். உண்மையான வேலை அதற்கு முன்னால், காகிதத்தில் இருக்கிறது: எது தெரியாமல் எது புரியாது என்று வரைவது.

சதவீதம் தெரியாமல் தனிவட்டி இல்லை, தனிவட்டி தெரியாமல் கூட்டுவட்டி இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். காலமும் வேலையும் எதன்மேல் நிற்கிறது என்றால் பலர் தயங்குவார்கள். அது பின்னக் கூட்டல்மேல் நிற்கிறது, பின்னக் கூட்டல் மீச்சிறு பொது மடங்கின்மேல் நிற்கிறது. பின்னத்தை யாரும் தனித் தலைப்பாக நடத்துவதில்லை. ஆனால் பாதிப் பேர் சறுக்குவது அங்கேதான். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே அதிகபட்சம் இரண்டு முன்தேவைகளை மட்டும் எழுதுங்கள். ஐந்தாறு அம்பு வரைந்தால் பிறகு உங்களாலேயே பராமரிக்க முடியாது.

அடுத்தது நுழைவுச் சோதனை. ஒரே பெரிய குவிஸ் வைக்காதீர்கள். மூடுலின் மதிப்பெண் பட்டியலில் ஒரு குவிஸுக்கு ஒரு மதிப்பெண்தான் ஏறும். தலைப்புவாரியாக வழி பிரிக்க அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தலைப்புக்கு ஒரு குட்டிக் குவிஸ், நான்கு கேள்வி, மூன்று சரியென்றால் 'தெரியும்'. நான்கு தெரிவுகள் உள்ள கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு அடித்து மூன்றோ நான்கோ சரியாக வர வாய்ப்பு சுமார் 5%. அதுவே மூன்று கேள்வி வைத்து இரண்டு சரியானால் போதும் என்றால் அது 15%-ஐத் தாண்டிவிடும். ஒரு கேள்வியில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

டிஎன்பிஎஸ்சி வினாத்தாளில் உள்ள 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது தெரிவை இங்கேயும் வையுங்கள். தேர்வில் அது சம்பிரதாயம்; இங்கே தங்கம். தவறாகப் போட்டவருக்கும் தெரியாது என்றவருக்கும் வேண்டிய பாடம் ஒன்றல்ல.

தவறான தெரிவுகளையும் யோசித்து எழுத வேண்டும். ராமு ஒரு வேலையை 10 நாளில் முடிப்பான், சோமு 15 நாளில் முடிப்பான், சேர்ந்து செய்தால்? விடை 6. தவறான தெரிவுகளில் 25-ம் 12½-ம் இருக்கட்டும். 25 போட்டவர் வெறுமனே கூட்டியிருக்கிறார், 12½ போட்டவர் சராசரி எடுத்திருக்கிறார். இருவருக்குமே ஆள் கூடினால் நாள் குறையும் என்பது மனதில் இறங்கவில்லை. அவர்களுக்குக் கருத்தை விளக்கும் வீடியோ போக வேண்டும். வேறு எதையாவது போட்டவரிடம் 1/10 + 1/15 எவ்வளவு என்று மட்டும், தெரிவு இல்லாமல், எண்ணாக எழுதும் கேள்வியாகக் கேளுங்கள். அதிலும் தவறினால் அவருக்குக் காலம்-வேலை வீடியோவை எத்தனை முறை காட்டினாலும் பயனில்லை, பின்னத்துக்கு அனுப்புங்கள். மூடுலின் லெசன் வசதியில் ஒவ்வொரு தெரிவுக்கும் எந்தப் பக்கத்துக்குத் தாவ வேண்டும் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். இந்த வேலைக்கு அதுதான் சரி. வட்டிக் கணக்குக்கும் இதே முறைதான்: ரூ.10,000, 10%, 2 ஆண்டு, கூட்டுவட்டி 2,100. தெரிவுகளில் 2,000 இல்லாவிட்டால் தனிவட்டியோடு குழப்பிக்கொள்பவரைக் கண்டுபிடிக்க முடியாது.

'நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா' என்ற கேள்வித்தாளை வைத்து வழி பிரிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2008-ல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இதற்கான ஆய்வுகளை அலசி, போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம்.

இனி மூடுல். தெரியாதவருக்கான அடிப்படைப் பாடத்தின் அமைப்புகளில், யாருக்குத் திறக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் 'ரெஸ்ட்ரிக்ட் ஆக்ஸஸ்' போய், அந்தத் தலைப்பின் குட்டிக் குவிஸ் மதிப்பெண் 75%-க்குக் கீழ் என்று கொடுங்கள். தெரிந்தவர் போகும் நேர்வழிப் பாடத்துக்கு 75% அல்லது அதற்கு மேல். மேல் எல்லை அந்த எண்ணைச் சேர்க்காது, கீழ் எல்லை சேர்க்கும்; அதனால் சரியாக 75 எடுத்தவர் நடுவில் விழமாட்டார். குவிஸே எழுதாதவருக்கு மதிப்பெண் இல்லை, ஆகவே இரண்டு கதவும் திறக்காது. 'எனக்கு மட்டும் பாடமே வரவில்லை' என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். முகப்பிலேயே 'முதலில் குட்டிக் குவிஸ்' என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

நிபந்தனைக்குப் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அடிப்படைப் பாடத்துக்கு மூடிவிடுங்கள். திறந்திருந்தால், நன்றாகப் படிப்பவருக்கு '75%-க்குக் குறைவாக எடுத்தால் இது திறக்கும்' என்ற பொருளில் ஒரு வரி தெரியும். சிரிப்பார்கள், சிலர் வேண்டுமென்றே தப்பாகவும் போடுவார்கள். விரும்பிப் படிக்க நினைப்பவருக்காக 'இதுவும் வேண்டும்' என்று மாணவரே டிக் செய்யும் ஒரு பக்கத்தை வைத்து, இரண்டு நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று போதும் என்று அமைத்துவிடலாம்.

பெரிய பொறி இது: குட்டிக் குவிஸை மறுபடி எழுத அனுமதித்தால், அமைப்பை நீங்கள் மாற்றாதவரை அதிகபட்ச மதிப்பெண்தான் கணக்கில் வரும். இரண்டாம் முறை 75 தாண்டியவுடன், பாதி படித்துக்கொண்டிருந்த அடிப்படைப் பாடம் கண்முன்னாலேயே காணாமல் போகும். நுழைவுச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு கொடுங்கள். மறுதேர்வுக்குத் தனிக் குவிஸ், கேள்வி வங்கியிலிருந்து மாற்றி மாற்றி எடுக்கும்படி. எடுப்பது 5 கேள்வி என்றால் வங்கியில் குறைந்தது 20 இருக்கட்டும். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி கட்டாயம் என்று அமைக்கும் வசதியும் குவிஸிலேயே உண்டு.

இரண்டு வழியும் ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் ஒரே பொதுக் குவிஸில் சேர வேண்டும். மொத்தப் படிப்பும் முடிந்ததற்கான நிபந்தனையில் இந்தப் பொதுக் குவிஸ்களை மட்டும் டிக் செய்யுங்கள். அடிப்படைப் பாடங்களையும் சேர்த்து டிக் செய்தால், நேர்வழியில் போனவருக்குச் சான்றிதழ் வரவே வராது.

ஆசிரியர் கணக்கில் எல்லாமே திறந்து தெரியும், அதை நம்பிச் சரிபார்க்காதீர்கள். 'மாணவராக மாறு' என்பதிலும் மதிப்பெண் இருக்காது. மூன்று போலி மாணவர் கணக்கு போதும்: நன்றாக எழுதியவர், மோசமாக எழுதியவர், எழுதாதவர். மூன்றையும் போனில் திறந்து பாருங்கள், மாணவர்கள் பார்ப்பதும் போனில்தான்.

முதல் பேட்ச் ஓடிய பிறகு தலைப்புவாரியாக எத்தனை பேர் அடிப்படைக்குப் போனார்கள் என்று எண்ணுங்கள். ஒரு தலைப்பில் முக்கால்வாசிப் பேர் போயிருந்தால் அங்கே வழி பிரித்ததே வீண். அந்த அடிப்படை வீடியோவை எல்லோருக்கும் பொதுவாக முன்னால் வைத்துவிட்டு, கதவை எடுத்துவிடுங்கள். இருவர் மூவர் மட்டுமே போன தலைப்பில் தனிப் பாடம் தயாரிப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கூகுள் மீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது மலிவு.