சலவை நோட்டு கேட்டு வரும் வரிசை

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 7ஆம் எண் ரயில் கடைசியாக நிற்கும் இடம் ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட். அங்கே ஒரு வங்கிக் கிளையில் கேஷ் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். நம் ஆட்களுக்கு ஃபிளஷிங் என்றால் பவுன் தெருப் பிள்ளையார் கோயிலும் அதன் கேன்டீன் தோசையும்தான். ஆனால் மெயின் ஸ்ட்ரீட் முழுக்கச் சீனக் கடைகள். நார்தர்ன் பூலவார்ட் பக்கம் போனால் கொரியக் கடைகள். ஜனவரி பிறந்ததும் இரு தரப்புப் பெரியவர்களும் எங்கள் கிளைக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் வேண்டியது சலவை நோட்டு.

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் சந்திர நாட்காட்டிப் புத்தாண்டன்று சின்னவர்களுக்குப் பணம் கொடுப்பது இரு சமூகத்துக்கும் பொது. பழைய நோட்டைக் கொடுக்க மனம் வராது. அதனால் கிளையில் முன்கூட்டியே சொல்லிவைத்து 1, 5, 20 டாலர் புது நோட்டுக் கட்டுகளை வரவழைப்போம். 2 டாலர் நோட்டுக்குத் தனிக் கிராக்கி. நாம் மொய்யில் 101 வைப்பதுபோல அவர்களுக்கும் கணக்கு உண்டு. சீனர்கள் 4 என்ற எண்ணைத் தொடமாட்டார்கள், 8 என்றால் முகம் மலரும். அமெரிக்காவின் நோட்டு அச்சகமே 8888 என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட 1 டாலர் நோட்டுகளைத் தனியாக விற்றிருக்கிறது.

வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சிவப்புக் கவர் இலவசமாகக் கொடுக்கும். சீனப் பெரியவர்கள் கை நிறைய வாங்கிப் போவார்கள். ஒரு கொரியப் பாட்டி மட்டும் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கவர் இருக்கிறதா என்று கேட்டார். பேரப்பிள்ளைகள் தரையில் விழுந்து வணங்கியதும் கொடுக்கும் பணத்தை அவர்கள் வீட்டில் வெள்ளைக் கவரில்தான் வைப்பார்களாம். பின்னால் நின்ற சீனத் தாத்தா அதைப் பார்த்துத் துணுக்குற்றார். அவர்கள் வழக்கத்தில் வெள்ளைக் கவர் சாவு வீட்டுக்கு உரியது. அன்று முதல் இரண்டு கவரையும் வைத்திருக்கிறேன், வெள்ளையை மேஜை இழுப்பறைக்குள்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் கிளையில் வேலை பார்ப்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே காலை 10 மணியானால் சியோலில் நள்ளிரவு. 11 மணியானால் பெய்ஜிங்கில். வரிசையில் நிற்பவர்கள் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே பணம் எண்ணுவார்கள். என் பக்கத்து கவுண்டரில் இருக்கும் சீனத் தோழிக்கு அந்த நேரத்தில் போனை எடுக்கக்கூட முடியாது. அவள் அம்மா சீனாவின் ஃபூஜோ நகரத்தில் இருக்கிறார்.

இதுதான் என்னை உறுத்துகிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு 2016 முதல் இந்தப் புத்தாண்டுக்கு விடுமுறை உண்டு. பல வருடம் கேட்டுப் பெற்றது அது. ஆனால் வங்கிகள் மத்திய அரசின் 11 விடுமுறைகளைத்தான் பார்க்கும். பிள்ளை வீட்டில் இருக்கிறது, பெற்றவர்கள் கவுண்டரில் நிற்கிறார்கள். அதுவும் வருடத்திலேயே கூட்டம் அலைமோதும் வாரம். சீனர், கொரியர் இரண்டு பேருமே லீவு கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். யாருக்கு என்று பேசி முடிப்பதற்குள் அந்த நட்பே கசந்துவிடும்போலிருக்கும். நான் அவர்கள் ஷிஃப்டைப் பார்ப்பேன், தீபாவளிக்கு அவர்கள் என்னுடையதைப் பார்ப்பார்கள். 2024இல் தீபாவளிக்கும் பள்ளி விடுமுறை வந்தது. ஆனால் விட்டது நவம்பர் 1. நமக்கு தீபாவளி அக்டோபர் 31. காலண்டர் போடுபவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் அடக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் 2027 வருகிறது. அந்த வருடம் பிப்ரவரி அமாவாசை பெய்ஜிங் நேரப்படி 6ஆம் தேதி இரவு 11:56க்கு. சியோல் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் அங்கே 7ஆம் தேதி பிறந்துவிடும். எந்த நாளில் அமாவாசையோ அதுதான் மாதத்தின் முதல் நாள். ஆகச் சீனர்களுக்குப் புத்தாண்டு சனிக்கிழமை, கொரியர்களுக்கு ஞாயிறு. எங்கள் கிளை சனிக்கிழமை திறந்திருக்கும், ஞாயிறு மூடியிருக்கும். கொரியத் தோழி அதைக் காலண்டரில் பார்த்த அன்றே சொல்லிவிட்டாள், சனிக்கிழமை கவுண்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. சீனத் தோழியின் லீவு விண்ணப்பத்தை இப்போதே எழுதி மேனேஜரிடம் கொடுத்திருக்கிறோம்.